மலை வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் காட்ட எந்த மலை? கொல்லிமலை, பழனிமலைத் தொடர், நீலகிரி: ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று நாள் மலைக்குக் கூட்டிப்போகலாம் என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்தான் உடனே வரும்: ஊட்டி, கொடைக்கானல். ஏரியில் படகு, பூங்காவில் குழுப்படம், கடைத்தெருவில் வர்க்கியும் சாக்லேட்டும். பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் திரும்புகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போவது பாடத்துக்காக என்றால் வேறு சிலதும் அவர்கள் கண்ணில் பட வேண்டும். அங்கே வாழ்கிற மக்கள் எதை விளைவிக்கிறார்கள், அதை யார் வாங்குகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், ஊர் வழக்கை யார் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள் என்பதெல்லாம். அதற்கு எந்த மலை தோது என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாள், ஒரு வண்டி, ஒன்பதாம் வகுப்பு என்றால் கொல்லிமலை. இரண்டே நாள்தான் கிடைக்கிறது என்றால் பழனிமலைத் தொடர், அதுவும் கொடைக்கானல் நகரத்துக்குள் தங்காமல். நீலகிரி இந்த மூன்றிலும் வளமானது. அதைப் பதினொன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகள் வளர்வது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரமே உள்ள சமவெளியில். செம்மண், பொட்டல், கண்மாய், ஊருணி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைத் தேக்கி வைத்து ஆண்டு முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற ஊர்கள். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழும் மழைத்தண்ணீரைக்கூட அண்டாவில் பிடித்து வைத்த வீடுகள் இவை. பெரிய வீடுகளைக் கட்டிய பணமும் இந்த மண்ணில் விளைந்ததல்ல, பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கலில் வந்தது. ஆகவே சரிவும் மழையும் உயரமும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் வருமானத்தை முடிவு செய்கிற இடம் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த செய்தி.

எங்கே போவதானாலும் அதற்கு முந்தின வாரம் அரை நாள் ஒதுக்கிப் பிரான்மலைக்கு ஒரு நடை போய்வரச் சொல்வேன். சிங்கம்புணரிக்குப் பக்கத்தில், நம் சிவகங்கை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுவது இதுதான். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் இதே. அடிவாரத்தில் சிவன் கோயில், உச்சியில் தர்கா. மூவேந்தர் முற்றுகை போட்டபோது கபிலர் சொன்னதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்று உழவர் உழாமலே கிடைக்கிற நான்கு பொருள் இந்த மலையில் உண்டு, பட்டினி போட்டு இதைப் பிடிக்க முடியாது என்று. ஒரு மலையின் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பாடம் வேறு இல்லை. அந்த நான்கையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, போகிற மலையில் இன்றைக்கு என்ன நான்கு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தேடிப்போக ஒரு காரணம் கிடைத்துவிடும்.

சரி, நீலகிரியிலிருந்து தொடங்குவோம். மாவட்டம் முழுக்கவே மலையாக இருப்பது அதன் பெரிய பலம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கிற இடம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று பழங்குடிகள், தங்களுக்கென்று மொழியும் ஹெத்தையம்மன் பண்டிகையும் உள்ள படகர், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வந்து சேர்ந்த பல்சக்கர ரயில். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறிவந்த பிறகு அந்த மலை மாறிய கதையை மட்டும் ஒரு பருவம் முழுக்க நடத்தலாம்.

நமக்கு அங்கே இன்னும் நெருக்கமான ஒரு கதை இருக்கிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பழைய ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் வறண்ட ஊர்க்காரர்கள் ஏராளம். அதே தோட்டங்களின் பக்கம் பணம் புழங்க வைத்தவர்களில் நம் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் இருந்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பமானது. இன்றைய டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் அதிலிருந்து வளர்ந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளக் குடியுரிமை, ஒப்பந்தம், தோட்டத் தொழிலாளர் சம்பளம் எல்லாம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பதிமூன்று, பதினான்கு வயதில் அது தலைக்கு மேல் போய்விடும்.

தூரமும் ஒரு தடை. காரைக்குடியிலிருந்து ஊட்டி 350 கிலோமீட்டர் அளவில். மூன்று நாளில் முழுசாக இரண்டு நாள் வண்டியிலேயே கழியும். கூடலூர் ஒரு பக்கம், கோத்தகிரி ஒரு பக்கம் என்று மாவட்டம் பரந்து கிடப்பதால் மீதியுள்ள ஒரு நாளில் ஊட்டி நகரத்தைத் தாண்ட முடியாது. உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டியிருக்கிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பு என்றால் நான்கைந்து நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, குன்னூர் தேயிலை ஏலம் எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துப் போய்ப் படிக்கலாம்.

மூணாறு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மாநில எல்லையைத் தாண்டுவதால் வண்டிக்குத் தனி பர்மிட், தனி வரி. ஏலக்காயைத் தவிர நம் பாடத்துக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது, விட்டுவிடலாம்.

பழனிமலைத் தொடர் நமக்கு அந்நியமே இல்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து நடந்து பழனிக்குப் போகிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் யாராவது ஒருவர் நடந்திருப்பார். பஞ்சாமிர்தம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பஞ்சாமிர்தத்தில் விழும் விருப்பாச்சி வாழை மேலே மலையில் காபிச் செடிகளுக்கு நடுவே மழையை நம்பி வளர்கிறது என்பது தெரியாது. 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழைத் தோட்டங்கள் பெரிய அளவில் அழிந்தன. அசுவினிப் பூச்சி பரப்புகிற நோய் அது. பிறகு திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு மீட்டெடுக்கும் முயற்சி நடந்தது. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடும், பின்னால் 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தன. கோயில் பிரசாதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டே தாவர நோய், சந்தை, வழிபாடு மூன்றையும் பேசிவிடலாம்.

இங்கே பாடத்துக்கு ரொம்பவும் உதவுவது சாலைதான். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி வழியாக ஏறினால் அடிவாரத்தில் தென்னையும் மாவும். தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். தாண்டிக்குடி வரும்போது காபி, மிளகு, ஆரஞ்சு, காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம். அந்த வட்டாரத்திலேயே பழங்காலக் கற்திட்டைகளும் நிற்கின்றன. அப்புறம் கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறைக்குப் போனால் படிப்படியாக வெட்டிய வயலில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். இன்னும் உள்ளே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். உயரம் மாற மாறப் பயிர் மாறுவதை ஜன்னலோரத்திலிருந்தே எழுதிக்கொண்டு வரலாம். அறிவியல் ஆசிரியர் கூட வந்தால் சூரிய ஆய்வுக்கூடத்தையும் விடக்கூடாது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான்.

இவ்வளவு இருந்தும் மூன்று நாள் பயணத்துக்கு இதை இரண்டாவதாக வைக்கக் காரணம், கொடைக்கானல் நகரம். நகரம் நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் தன் பக்கம் இழுக்கிறது. ஏரியைப் பார்த்த பிள்ளைக்குப் பூண்டு வயல் ஏறாது, அது பிள்ளையின் தப்பும் இல்லை. சனி, ஞாயிறில் பெருமாள்மலைப் பக்கம் வண்டிகள் நகராமல் நிற்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமே தங்கிவிட்டு, பூம்பாறைக்கு விடிகாலையில் போய்த் திரும்பினால் இரண்டு நாள் பயணமாக நன்றாக அமையும். இ-பாஸ் பூம்பாறைக்கும் சேர்த்துத்தான். நீளமான பேருந்துகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் வேனோ சின்னப் பேருந்தோ பேசிக்கொள்வது நல்லது.

ஒரே நாள்தான் என்கிறவர்களுக்குச் சிறுமலை. திண்டுக்கல்லை ஒட்டியே இருக்கிறது, 18 கொண்டை ஊசி வளைவு, மேலே வாழை, எலுமிச்சை, பலா, சவ்சவ். சாலை போகாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் மூட்டை இறங்கும். காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இனி கொல்லிமலை. திருச்சி, நாமக்கல் வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. காரைக்குடியிலிருந்து மலைமேல் உள்ள செம்மேடு என்ற ஊர் வரை 230 கிலோமீட்டர் அளவில். விடிகாலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம். காலையில் இட்லிக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள். எலுமிச்சம்பழமும் பையும் கையிலிருக்கட்டும். அடிவாரத்தில் ஒரு தடவை, முப்பத்தைந்தாவது வளைவில் ஒரு தடவை, செம்மேட்டில் ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்று புத்தகம் சொல்வதை, வியர்த்த முகத்தோடு ஏறிய பிள்ளை ஸ்வெட்டர் தேடும்போது தானாக ஒத்துக்கொள்ளும்.

மேலே சென்றால் அது மலையுச்சி மாதிரியே இருக்காது. ஆயிரம் மீட்டருக்கு மேல் மேடும் பள்ளமுமாக விரிந்த ஒரு தனி நாடு. ஊராட்சிகளின் பெயரெல்லாம் நாடுதான்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று 14. மலையாளி என்று பெயர் கொண்ட பழங்குடி மக்கள்தான் (கேரளத்தவர் அல்லர்) பெரும்பான்மை. ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார்ந்து வழக்குப் பேசுகிற முறை அவர்களிடம் இருந்தது, இன்றைய ஊராட்சி மன்றமும் கூடவே இருக்கிறது. பாகனேரி, பட்டமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் ஊரிலும் நாடு, நாட்டார் கூட்டம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். காரைக்குடியிலிருந்து அழைத்துப்போவதில் எனக்குப் பிடித்த விஷயம் இது.

இன்னொன்றும் உண்டு. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலை ஏறியவர்கள் என்று கொல்லிமலை மக்களிடையே ஒரு வாய்மொழிக் கதை வழங்குகிறது. நகரத்தாரும் காஞ்சியில் இருந்து, பூம்புகார் போய், பிறகு பாண்டிய நாட்டுக்கு வந்ததாகத்தான் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஒரே ஊரைச் சொல்லிப் புறப்பட்ட இரண்டு கூட்டம், ஒன்று மலைக்கும் ஒன்று பொட்டலுக்கும் வந்து, அந்தந்த மண்ணுக்கு ஏற்றபடி இரண்டு விதமான வாழ்க்கையை அமைத்துக்கொண்டது. மண் மனிதனை எப்படி மாற்றுகிறது என்று பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சங்க காலத்துக்குப் போனாலும் பாரிக்கு இணையாக இங்கே ஆண்ட வல்வில் ஓரி இருக்கிறான். இருவருமே கடையெழு வள்ளல்கள். ஆடிப் பதினெட்டை ஒட்டி ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. கூட்டம் அதிகம் என்பதால் பள்ளிப் பயணத்துக்கு அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

பொருளாதாரப் பாடத்துக்குத்தான் கொல்லிமலை மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. முன்பு சாமை, தினை, வரகு, கேழ்வரகுதான் இந்தச் சரிவுகளின் பயிர். வீட்டுச் சாப்பாடும் அதுதான். பிறகு சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. மரவள்ளிக்குக் காசு வந்தது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்குப் பெரிய பாடு, மரவள்ளியில் அந்தப் பாடு இல்லை. சரிவு சரிவாக மரவள்ளி ஏறியது, சாமை இறங்கியது. கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது சரிவின் மேல்மண்ணும் பொலபொலத்து மழையில் போகிறது என்பது இதன் இன்னொரு பக்கம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியத்தை மீட்க வேலை செய்திருக்கிறது. விதையைக் காப்பதோடு, சாமையைத் தீட்டச் சின்ன இயந்திரங்களைப் பெண்கள் குழுக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அதில் முக்கியமானது. உரல் வேலையைக் குறைத்தால்தான் தட்டுக்குச் சாமை திரும்பும் என்று புரிந்து செய்த வேலை.

மிளகைத் தை, மாசியில் பார்க்க வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் கொடி இருபது, முப்பது அடிக்கு ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுவை மட்டும் விட்டு வெட்டிய ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் சரத்தோடு கிள்ளிப் போட வேண்டும், முழுக்கப் பழுக்க விட்டால் உதிர்ந்துவிடும். கீழே தார்ப்பாயில் காயும்போது பச்சை மணி கறுத்துச் சுருங்குகிறது. வாழவந்தி நாட்டுப் பக்கம் இப்படிக் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியை எங்கள் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "ஆச்சி, இந்தப் பச்சை மிளகும் கறுப்பு மிளகும் ஒரே செடியா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒரே கொடிதான் கண்ணு. வெயில் பட்டாக் கறுத்துப் போகும், நீயும் நானும் மாதிரி" என்று சிரித்தார் பாட்டி. வீட்டு அஞ்சறைப் பெட்டியில் தினம் பார்க்கிற மிளகு எப்படி ஆகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சோளக்காட்டுச் சந்தையில் வாழை, அன்னாசி, மிளகு, பருவத்தில் பலா எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயில், இன்னொரு பக்கம் எட்டுக்கை அம்மன். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இறங்குவது சுலபம், ஏறுவதுதான் சோதனை. இளைப்பு உள்ள பிள்ளைகளைக் கோயிலிலேயே உட்கார வைத்துவிடுங்கள். நேரம் போதவில்லை என்றால் அருவியை விட்டுவிட்டுச் சந்தையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் இருங்கள் என்பேன்.

கடைசி நாள் இறங்கும் வழியும் பாடம்தான். முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கினால் வளைவுகள் குறைவு, நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் வந்துவிடலாம். மலையில் பார்த்த மரவள்ளி லாரி போய்ச் சேர்கிற இடம் அந்த வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள். தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவைக் குலுக்கி மணியாக்கி, சூடேற்றிய தட்டில் வறுத்து, களத்தில் கொட்டிக் காய வைக்கிறார்கள். வெள்ளைக் களம் வெயிலில் கண் கூசும். சேலத்தில் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-லிருந்து விற்பனைக்கு வழி செய்கிறது. நம் வளவுகளில் சித்திரை வெயிலில் போடுகிற ஜவ்வரிசி வற்றல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வயல், லாரி, ஆலை, அடுப்படி என்று ஒரு பொருளின் வழி முழுவதையும் மூன்று நாளுக்குள் கண்ணால் பார்க்கிற வசதி, நான் ஒப்பிட்ட வேறு எந்த மலையிலும் இவ்வளவு நேராக அமையவில்லை. பூம்பாறைப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போவதையும் இதேபோல் பின்தொடரலாம்தான். ஆனால் இடையில் நகரம் குறுக்கிட்டுவிடுகிறது.

கொல்லிமலைக்குக் குறைகளும் உண்டு. நிறையப் பேர் ஒன்றாகத் தங்கும் இடம் குறைவு, முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பல ஊர்களில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். இதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட்டால் பதற்றம் இருக்காது. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 70 வளைவில் ஏறிப் பழகிய ஓட்டுநர்தான் வேண்டும். நாமக்கல் பக்கத்து ஓட்டுநர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எந்த மலைக்குப் போனாலும் அங்குள்ள பழங்குடி மக்கள் பார்வைப் பொருள் அல்லர். கேட்காமல் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படம் எடுப்பதும் கூடவே கூடாது. நம் ஊர்ப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் வளவுக்குள் நுழைந்து, சமையல் செய்கிற ஆச்சியைக் கேட்காமல் படம் எடுக்கும்போது எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதை நினைவுபடுத்தினாலே போதும். முதல் நாளே ஊராட்சித் தலைவரையோ அங்குள்ள பள்ளியின் தலைமையாசிரியரையோ பார்த்து, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். அங்குள்ள ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காரவைக்க முடிந்தால் அதுவே பயணத்தின் சிறந்த வகுப்பாக இருக்கும். நம் பிள்ளைகள் கண்மாயைப் பற்றியும் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பற்றியும் சொல்லட்டும், அவர்கள் மலையைப் பற்றிச் சொல்லட்டும்.

நாள் குறிப்பதானால் பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம். மழை ஓய்ந்திருக்கும், அருவியில் தண்ணீர் மிச்சமிருக்கும், மிளகுப் பறிப்பும் கிழங்கு வெட்டும் நடக்கும், காபிப் பறிப்பின் கடைசியும் கண்ணில் படலாம். விடியற்காலையில் நன்றாகக் குளிரும், ஆளுக்கொரு போர்வை எடுத்துவரச் சொல்லிவிடுங்கள். தங்குமிடமும் ஆலைக்காரரின் அனுமதியும் கார்த்திகைக்குள் முடிந்திருந்தால் மார்கழியில் பெற்றோர் கூட்டம் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம்.